மாப்பிள்ளை யாழ்ப்பாணம் இல்லை, கிளிநொச்சி



போன வாரம் போட்ட வாழைப்பூ வடை படத்துக்கு வந்த விருப்பக்குறிகளில் பாதியாவது இந்தப் பதிவுக்கு வந்தால் மகிழ்வேன். கொஞ்சம் நீளம். டீ போட்டுக்கொண்டு உட்காருங்கள்.

பாரிஸில் இருக்கும் என் அண்ணன் மகள், மாப்பிள்ளையோடு லீவுக்கு வந்திருக்கிறாள் என்பது உறவுகளுக்குத் தெரியும். ஞாயிற்றுக்கிழமை கோரிமேட்டில் நம் வீட்டில் சாப்பாடு. வந்தவர்கள் எல்லாரும் மாப்பிள்ளையிடம் அன்பாகப் பேசினார்கள். ஆனால் ஆளுக்கு ஆள் ஒரே வார்த்தை: "யாழ்ப்பாண மாப்பிள்ளை", "யாழ்ப்பாணத்து மரியாதை", "யாழ்ப்பாணத் தமிழே தனிதாம்பா". அவரும் சிரித்துக்கொண்டே இருந்தார். நானும் என் பங்குக்கு, "யாழ்ப்பாணத்துல உங்க வீடு எந்தப் பக்கம் மாப்ளை?" என்று கேட்டுவிட்டேன்.

"நான் யாழ்ப்பாணம் இல்லை மாமா. கிளிநொச்சி. முரசுமோட்டைப் பக்கம். அப்பா இரணைமடுத் தண்ணியில வயல் செய்யிறவர்."

ரசம் பரிமாறிக்கொண்டிருந்த உங்கள் சித்திக்கு அது பெரிய விஷயமாகத் தெரியவில்லை. எனக்குச் சுருக்கென்றது. முப்பத்து நாலு வருடம் புவியியலும் குடிமையியலும் சொல்லிக்கொடுத்தவன் நான். மாஹேயை யாராவது "பாண்டிச்சேரி பக்கத்துல" என்று எழுதினால் சிவப்பு மையில் வட்டம் போட்டவன். ஏனாமில் வேலை பார்த்துவிட்டு வந்த நண்பர், "எல்லாரும் என்னை ஆந்திராக்காரன்னு நினைக்கிறாங்க சார்" என்று குறைப்பட்டபோது பரிதாபப்பட்டவன். அந்த நான், ஒரு மாகாணத்தையே ஒரு நகரத்துக்குள் மடித்துவைத்துவிட்டேன்.

அன்று ராத்திரி பழைய அட்லஸை எடுத்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். மாப்பிள்ளையும் கூட உட்கார்ந்தார். பதினொரு மணி வரைக்கும் பேசினோம். அதற்கு முன்பே எனக்குத் தெரிந்ததையும் அதற்குப் பிறகு யோசித்ததையும் சேர்த்து எழுதுகிறேன்.

முதலில் வரைபடம். 10-ஆம் வகுப்பில் செய்வது போல மனதில் வரைந்துகொள்ளுங்கள்.

இலங்கையில் மாகாணங்கள் 9. வெள்ளைக்காரர்கள் 1833-ல் கோல்புரூக் - கேமரன் சீர்திருத்தத்தின்போது போட்டது 5. அப்போதைய வட மாகாணம் மிகப் பெரியது. அனுராதபுரமும் அதற்குள்தான் இருந்தது. 1873-ல் வட மத்திய மாகாணம் பிரிந்தபோது அது தனியே போயிற்று. ஆக, இன்று வட மாகாணத்தின் தெற்கு எல்லையாக இருப்பது ஏதோ ஆதிகாலக் கோடு இல்லை. நிர்வாக வசதிக்காக ஒரு கச்சேரியில் உட்கார்ந்து இழுத்த கோடு.

இன்றைய வட மாகாணத்தில் 5 மாவட்டங்கள்: யாழ்ப்பாணம், கிளிநொச்சி, முல்லைத்தீவு, மன்னார், வவுனியா. மொத்தம் 8,884 சதுர கிலோமீட்டர். நம் புதுச்சேரி ஒன்றியப் பகுதி நாலு துண்டையும் சேர்த்தாலே சுமார் 490 தான். பதினெட்டு மடங்கு! ஆனால் ஆட்கள்? 2012 கணக்கெடுப்பில் அங்கே சுமார் 10.6 லட்சம். 2011 கணக்கெடுப்பில் நம்மிடம் சுமார் 12.5 லட்சம். நாம் நெருக்கியடித்துக்கொண்டு இருக்கிறோம். அங்கே காடும் குளமும் களப்பும் மனிதருக்குச் சமமாக இடம் வைத்திருக்கின்றன.

இப்போது நான் செய்த பிழையைப் பாருங்கள். யாழ்ப்பாண மாவட்டத்தின் பரப்பு 1,025 சதுர கிலோமீட்டர். மாகாணத்தில் எட்டில் ஒரு பங்குகூட இல்லை. ஆனால் மக்கள் தொகையில் பாதிக்கு மேல், ஏறக்குறைய 5.8 லட்சம் பேர், அங்கேதான். முல்லைத்தீவு அதைப்போல இரண்டரை மடங்கு நிலம். ஆட்கள் சுமார் 92,000. பேர், படிப்பு, பத்திரிகை, அரசியல், வெளிநாட்டுப் பணம் எல்லாம் ஒரு மூலையில். வயல், குளம், காடு, நீண்ட கரை எல்லாம் மற்ற நாலு மாவட்டங்களில். அந்த நாலின் பெரும்பகுதியைச் சேர்த்துத்தான் வன்னி என்கிறார்கள்.

கிளிநொச்சி தனி மாவட்டமானதே 1984-ல்தான். அதுவரை யாழ்ப்பாண மாவட்டத்தின் பகுதி. முல்லைத்தீவு அதற்குச் சில வருடம் முன்பு பிரிந்தது. இன்னொன்று: யாழ் குடாநாடு முழுவதும் யாழ்ப்பாண மாவட்டம் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். இல்லை. குடாநாட்டின் அடிப்பகுதியில் பளை இருக்கிறதே, அந்தப் பச்சிலைப்பள்ளிப் பிரிவும் ஆனையிறவும் கிளிநொச்சி மாவட்டம். மாப்பிள்ளை விரலை வைத்துக் காட்டினார். எனக்கு அரை மதிப்பெண் போயிற்று.

நெடுந்தீவை மட்டும் தனியாகச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் நம்மூரில் கச்சத்தீவைப் பற்றிப் பேசாத ஆள் இல்லை. அந்தக் கச்சத்தீவு நிர்வாகக் கணக்கில் யாழ்ப்பாண மாவட்டம், நெடுந்தீவுப் பிரதேச செயலகத்தின் கீழ். நாகப்பட்டினத்திலிருந்து காங்கேசன்துறைக்கு 2023 அக்டோபரில் கப்பல் விட்டார்கள், நடுவில் நின்று 2024 ஆகஸ்டில் திரும்ப ஓடியது. காரைக்காலில் இருக்கும் நம் சொந்தங்களுக்குச் சென்னையைவிடக் காங்கேசன்துறை கிட்டே. எட்ட இருக்கிற ஊர் என்பதால்தான் தெரியவில்லை என்று யாரும் சாக்குச் சொல்ல முடியாது.

சரி, இதெல்லாம் வெறும் வரைபட அறிவு, இதனால் என்ன என்று கேட்பீர்கள். கடைசி பெஞ்சிலிருந்து எப்போதும் வரும் கேள்வி அது. தண்ணீர்க் கதையைச் சொல்கிறேன்.

யாழ்ப்பாணக் குடாநாட்டில் வருடம் முழுதும் ஓடும் ஆறு ஒன்றுகூடக் கிடையாது. வழுக்கியாறு என்று ஒன்று இருக்கிறது, மழைக்காலத்தில் மட்டும். தரைக்குக் கீழே சுண்ணாம்புக்கல். மழைநீர் அதில் இறங்கித் தேங்கும். அடியில் கடல் உப்புநீர், அதன்மேல் மிதக்கும் நன்னீர். அதை இறைத்து இறைத்துத்தான் அந்த மக்கள் வெங்காயமும் புகையிலையும் மிளகாயும் போட்டு, பிள்ளைகளைப் படிக்கவைத்து, உலகம் பூராவும் அனுப்பியிருக்கிறார்கள். அளவுக்கு மேல் இறைத்தால் உப்பு ஏறும். உரம் அதிகம் போட்டால் நைத்திரேட்டு இறங்கும். சுண்ணாம்புக்கல் சல்லடை மாதிரி. மேலே கொட்டியது கீழே போய்ச் சேரும். சுன்னாகம் பக்கம் கிணறுகளில் கழிவு எண்ணெய் கலந்து பெரிய போராட்டமே நடந்தது. ஆனையிறவுக் களப்பை நன்னீர் ஏரியாக்கி, அதிலிருந்து யாழ்ப்பாணத்துக்கு ஓர் ஆறு கொண்டுவரலாம் என்று பொறியாளர் எஸ். ஆறுமுகம் 1950-களில் போட்ட திட்டம் இன்னும் பேச்சில் இருக்கிறது.

இந்தப் பக்கம் கிளிநொச்சி. கனகராயன் ஆற்றை மறித்துக் கட்டிய இரணைமடுக் குளம். மாகாணத்திலேயே பெரியது. அதை நம்பித்தான் காலபோகம், சிறுபோகம் என்று நெல். மழை பொய்த்தால் சிறுபோகத்தில் எல்லா வயலுக்கும் தண்ணீர் கிடையாது; யாருக்கு எத்தனை ஏக்கர் என்று கூட்டம் போட்டுப் பங்கு பிரிப்பார்கள்.

2010-ல் ஆசிய வளர்ச்சி வங்கிக் கடனில் ஒரு குடிநீர்த் திட்டம் வந்தது. இரணைமடுக் குளத்தை உயர்த்தி, அங்கிருந்து யாழ்ப்பாணத்துக்குக் குழாய். கொழும்பிலிருந்து பார்த்தால் நல்ல திட்டம்தான். ஒரே மாகாணம், ஒரே மொழி, ஒரு பக்கம் குளம், ஒரு பக்கம் தாகம். கிளிநொச்சி விவசாயிகள் மறுத்தார்கள். எங்கள் சிறுபோகத்துக்கே போதாதபோது எப்படித் தருவது என்று கேட்டார்கள். இரண்டு பக்கமும் தமிழர்தான். இரண்டு பக்கமும் நியாயம்தான். "யாழ்ப்பாணம்" என்ற ஒற்றைச் சொல்லில் எல்லாரையும் அடக்கிவிட்டால் இந்தச் சண்டையே நம் கண்ணில் படாது.

மாப்பிள்ளையின் அப்பாவும் மறுத்தவர்களில் ஒருவர். அவருடைய தங்கையைக் கட்டிக்கொடுத்தது யாழ்ப்பாணத்தில். "அத்தை வீட்டுக் கிணறு உப்புத் தண்ணி மாமா. அப்பா தண்ணி குடுக்கேலாது எண்டு கூட்டத்தில சொல்லிப்போட்டு, சைக்கிள்ல அத்தை வீட்டுக்குப் போய்ச் சாப்பிட்டவர்" என்றார். சிரித்தபடிதான் சொன்னார்.

அப்போதுதான் வட மாகாண சபை புதிதாக வந்திருந்தது. 2013 செப்டம்பர் 21-ல் தேர்தல். 38 இடங்களில் 30 தமிழ்த் தேசியக் கூட்டமைப்புக்கு. ஓய்வுபெற்ற உச்ச நீதிமன்ற நீதிபதி சி.வி. விக்னேஸ்வரன் முதலமைச்சர். இந்தத் தண்ணீர் விஷயம் சபைக்குப் போயிற்று. விவாதம், மறுப்பு, மாற்று வழி என்று வருடக்கணக்கில் இழுத்தது. கடைசியில் இரணைமடுவை விட்டுவிட்டுக் கடல்நீரைக் குடிநீராக்கும் வழிக்குப் போனார்கள். மருதங்கேணிப் பக்கம் தாளையடியில், ஒரு நாளைக்கு 2.4 கோடி லிட்டர். 2024 ஆகஸ்டில் திறந்தார்கள்.

தாமதம்தான். கடல்நீரைச் சுத்திகரிக்க மின்சாரச் செலவும் கொஞ்சமில்லை. அதுதான் சிறந்த வழியா என்று பொறியாளர்கள் சண்டை போடட்டும், அது என் பாடம் இல்லை. நான் பார்ப்பது வேறு. குளத்துக்காரனும் கிணற்றுக்காரனும் ஒரே கூரையின் கீழ் உட்கார்ந்து, தாங்கள் ஓட்டுப் போட்டு அனுப்பிய ஆளிடம் "நீ என்ன சொல்கிறாய்?" என்று கேட்க ஓர் இடம் இருந்தது. அந்த இடம்தான் இப்போது இல்லை.

2018 அக்டோபரில் அந்தச் சபையின் காலம் முடிந்தது. அதற்குப் பிறகு தேர்தல் இல்லை.  2025-லேயே ஏழு வருடம் ஆயிற்று. வடக்கில் மட்டும் என்று நினைக்காதீர்கள், ஒன்பது மாகாணங்களிலும் இல்லை. கடைசியாக இருந்த ஊவா மாகாண சபையும் 2019-ல் முடிந்தது. தமிழருக்காக வந்த ஏற்பாடு என்று சொல்லப்பட்டது, சிங்களவருக்கும் சேர்த்தே இல்லாமல் போயிற்று.

ஏன் தேர்தல் இல்லை? யாரும் சபையைக் கலைத்துப் பூட்டுப் போடவில்லை. எல்லைக் கோட்டில் சிக்கிக்கொண்டது. 2017-ல் மாகாண சபைத் தேர்தல் சட்டத்தைத் திருத்தினார்கள். பெண்களுக்கு இடம் ஒதுக்குவதற்காக வந்த மசோதா. விவாதத்தின் நடுவே தேர்தல் முறையையே மாற்றுவதாக ஆயிற்று. புது முறைக்குத் தொகுதி வேண்டும், தொகுதிக்கு எல்லை வேண்டும். குழு போட்டார்கள், குழு அறிக்கை கொடுத்தது. 2018 ஆகஸ்டில் நாடாளுமன்றத்தில் வாக்கெடுப்பு. எதிர்த்து 139. ஆதரவு எத்தனை என்று நினைக்கிறீர்கள்? பூஜ்ஜியம். ஒருவர்கூட இல்லை. பழைய சட்டம் போய்விட்டது, புதுச் சட்டத்துக்கு எல்லை இல்லை. பழைய முறையிலேயே நடத்தலாம் என்று ஒரு சின்னத் திருத்தம் போதும் என்கிறார்கள் விவரம் தெரிந்தவர்கள். அந்தச் சின்னத் திருத்தத்துக்குத்தான் ஒவ்வோர் அரசுக்கும் நேரம் கிடைக்கவில்லை. 2025 மே 6-ல் பிரதேச சபை, நகர சபை, மாநகர சபைத் தேர்தல்கள் நடந்தன. ஆகவே தேர்தல் நடத்தத் தெரியாதவர்கள் இல்லை.

சபை இல்லாவிட்டால் அலுவலகம் நின்றுவிடுமா? நிற்காது. அதுதான் ஆபத்தே. இங்கே கொஞ்சம் நிர்வாகம் சொல்ல வேண்டியிருக்கிறது, தூங்கிவிடாதீர்கள்.

அங்கே இரண்டு தண்டவாளம். ஒன்று கொழும்பிலிருந்து நேரே வருவது: மாவட்டத்துக்கு அரசாங்க அதிபர், அதாவது நம் கலெக்டர் மாதிரி, அவருக்குக் கீழே பிரதேச செயலாளர், அதற்கும் கீழே கிராம அலுவலர். யாழ்ப்பாண மாவட்டத்தில் மட்டும் 15 பிரதேச செயலகங்கள், 435 கிராம அலுவலர் பிரிவுகள். (அதிபர் என்றால் நாட்டுத் தலைவர் என்று பயந்துவிடாதீர்கள். அங்கே பள்ளிக்கூடத் தலைமையாசிரியரும் அதிபர்தான். கடைசி இரண்டு வருடம் பொறுப்புத் தலைமையாசிரியராக இருந்த நானும் அங்கே பிறந்திருந்தால் அதிபர்! உங்கள் சித்தி கேட்டுவிட்டுச் சிரித்தாள்.)

இன்னொரு தண்டவாளம் மாகாணத்தினுடையது. ராஜீவ் காந்தியும் ஜெயவர்த்தனாவும் 1987 ஜூலை 29-ல் கையெழுத்திட்ட ஒப்பந்தம், அதே வருடம் நவம்பரில் வந்த 13-ஆவது திருத்தம், அதில் பிறந்தது. பள்ளிக்கூடம், மருத்துவமனை, சாலை, விவசாயம், உள்ளூராட்சி இவையெல்லாம் மாகாணத்துக்கு. ஆனால் தேசியப் பாடசாலை என்று பெயர் வைத்தால் அது கொழும்புக்கு. யாழ்ப்பாணம் போதனா மருத்துவமனை கொழும்புக்கு. பெரிய சாலை கொழும்புக்கு. கோரிமேட்டுக்காரர்களுக்கு இது புரியும். ஜிப்மர் மத்திய அரசு, அதே கோரிமேட்டில் இருக்கும் மார்பு நோய் மருத்துவமனை புதுச்சேரி அரசு. எந்த வாசலில் நிற்கிறோம் என்று தெரியாமல் அலைந்த நோயாளிகளை எத்தனை முறை கையைப் பிடித்து அழைத்துப் போயிருக்கிறோம்!

மாகாணத் தண்டவாளத்தில் மேலே ஆளுநர், ஜனாதிபதி நியமிப்பவர். முதலமைச்சர், அமைச்சர்கள் மக்கள் அனுப்பியவர்கள். சபை இல்லாதபோது ஆளுநரும் பிரதம செயலாளரும் ஓட்டுகிறார்கள். இப்போதைய ஆளுநர் நா. வேதநாயகன் தமிழர்தான், யாழ்ப்பாணத்தில் அரசாங்க அதிபராக இருந்தவர், ஊர் தெரிந்தவர். நல்ல நிர்வாகியாகவே இருக்கட்டும். அவரைச் சிறுபோகக் கூட்டத்துக்குக் கூப்பிட்டு, "அடுத்த தடவை ஓட்டு இல்லை" என்று ஒரு விவசாயி சொல்ல முடியுமா?

நிலத்திலும் இதுதான் நடந்தது. 2025 மார்ச் 28-ல் ஒரு வர்த்தமானி வந்தது. நம் அரசிதழ்தான். வடக்கில் நாலு மாவட்டங்களில் ஏறக்குறைய 5,900 ஏக்கர்; உரிமை உள்ளவர்கள் மூன்று மாதத்துக்குள் வந்து காட்டுங்கள், இல்லாவிட்டால் அரசு நிலம் என்று. போரில் வீடு எரிந்து, பத்திரம் எரிந்து, பத்து இடம் பெயர்ந்து, பாதிக் குடும்பம் கனடாவிலும் பிரான்சிலும் இருக்கிற மக்களிடம் மூன்று மாதம்! பெரிய எதிர்ப்பு எழுந்தது, அரசு பின்வாங்கியது. ஆனால் நிலம் மாகாண அதிகாரப் பட்டியலில் இருக்கிற விஷயம். அரசு நிலம் குடியரசுக்கே என்று நிபந்தனை உண்டு, இருந்தாலும் இருக்கிறது. ஒரு சபை இருந்திருந்தால் முதல் கேள்வி அங்கே எழுந்திருக்கும். இப்போது தெருவில் எழவேண்டியிருந்தது.

பெயரும் நிலம் மாதிரிதான். முல்லைத்தீவின் தெற்கு மூலையில், கிழக்கு மாகாணத்தைத் தொடும் இடத்தில் மணலாறு என்று ஒரு பகுதி. 1980-களில் அது வெலிஓயா ஆனது. சிங்களத்தில் வெலி என்றால் மணல், ஓயா என்றால் ஆறு. நேர் மொழிபெயர்ப்பு. வரைபடத்தில் பார்த்தால் வடக்கும் கிழக்கும் கைகோக்கும் மூட்டு அது. 1988-ல் இந்த இரண்டு மாகாணங்களையும் தற்காலிகமாக இணைத்தார்கள். 2006 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் அந்த இணைப்பு செல்லாது என்றது. 2007 ஜனவரி 1 முதல் இரண்டும் தனி. இப்படி ஒரு மூலையின் பெயர் மாறியதற்குப் பின்னால் என்ன இருக்கிறது என்பதைப் புவியியல் படித்தவர்கள் பார்க்காமல் வேறு யார் பார்ப்பது?

இவ்வளவு சொல்லிவிட்டு அந்தச் சபையைப் புகழ்ந்துகொண்டே போனால் நான் நியாயமான ஆசிரியன் இல்லை. 2013 முதல் 2018 வரை இருந்த வட மாகாண சபை நியதிச் சட்டங்களைவிடத் தீர்மானங்களையே அதிகம் போட்டது. உள்சண்டையில் தங்கள் முதலமைச்சர் மீதே நம்பிக்கையில்லாத் தீர்மானம் வரைக்கும் போனார்கள். அலுவலகம் கைதடியில், யாழ்ப்பாணத்துக்குப் பக்கத்தில். வவுனியாக்காரனும் மன்னார்க்காரனும் ஒரு கையெழுத்துக்கு அவ்வளவு தூரம் வரவேண்டும். நடுவே இருக்கும் மாங்குளத்தைத் தலைமையிடமாக்கலாம் என்ற யோசனை இன்னும் யோசனையாகவே கிடக்கிறது. சபை திரும்ப வந்தால் நான் முதலில் கேட்பது மாங்குளம்தான். 1990 அக்டோபரில் வடக்கிலிருந்து விடுதலைப் புலிகள் வெளியேற்றிய முஸ்லிம்களில் பலர் இன்னும் புத்தளத்தில்தான் இருக்கிறார்கள். மன்னாரிலும் யாழ்ப்பாணத்திலும் அவர்களுடைய பங்கு எவ்வளவு என்று அந்தச் சபை போதுமான அளவு கேட்கவில்லை என்பதும் என் எண்ணம். மாகாணத்தை யாழ்ப்பாணமாகச் சுருக்குவது நம்முடைய நோய் மட்டும் இல்லை, அங்கேயும் இருக்கிறது.

ஆனாலும் மோசமான சபையை அடுத்த தேர்தலில் மாற்றலாம். இல்லாத சபையை என்ன செய்வது?

"சார், உங்களுக்கு எதுக்கு இலங்கை விஷயம்? நம்மூரைப் பாருங்க" என்று ஒரு முன்னாள் மாணவர் போன மாதம் வேறொரு பதிவில் எழுதியிருந்தார். நம்மூரைப் பார்த்ததால்தான் தம்பி இதை எழுதுகிறேன்.

1954 அக்டோபர் 18-ல் கீழூரில் 178 பிரதிநிதிகள் கூடி, 170 பேர் இந்தியாவோடு சேர்வதற்கு வாக்களித்தார்கள் என்று உங்களை மனப்பாடம் செய்யவைத்தேன். யார் அந்தப் பிரதிநிதிகள்? சட்டமன்ற உறுப்பினர்களோடு கம்யூன்களின் நகரசபை உறுப்பினர்களும். உள்ளூர் உறுப்பினர்கள் ஓட்டுப் போட்டு நாடு மாறிய மண் இது. பிரெஞ்சுக்காரர்கள் 1880-லேயே இங்கே கம்யூன் வைத்தவர்கள். அப்படிப்பட்ட புதுச்சேரியில் 1968-க்குப் பிறகு உள்ளாட்சித் தேர்தல் எப்போது நடந்தது? 2006-ல். முப்பத்தெட்டு வருடம் கழித்து, நீதிமன்றம் சொன்ன பிறகு. அதன் காலம் 2011-ல் முடிந்தது. அதற்குப் பிறகு? 2021-ல் அறிவித்தார்கள், இடஒதுக்கீட்டுச் சிக்கலில் நின்றது. 5 நகராட்சி, 10 கொம்யூன் பஞ்சாயத்து, 98 கிராமப் பஞ்சாயத்து. எல்லாம் அதிகாரிகள் கையில், 2011 முதல்.

என் தெரு வாய்க்கால் கதை உறவுகளுக்குத் தெரியும், மாணவர்களுக்காகச் சொல்கிறேன். மழை வந்தால் எங்கள் வாசலில் முழங்கால் தண்ணீர். திண்டிவனம் சாலையில் கொஞ்சம் நடந்தால் தமிழ்நாடு, பட்டானூர். மேட்டுத் தண்ணீர் எல்லைக்கல் பார்த்து நிற்குமா? ஓர் அலுவலகத்துக்குப் போனேன். வாய்க்கால் எங்களுடையது, மேலே இருக்கும் சிலாப்பு அவர்களுடையது என்று இன்னொரு அலுவலகத்தைக் காட்டினார்கள். அங்கே போனால், பெரிய வாய்க்காலில் சேரும் இடம் வேறு துறை என்றார்கள். யாரும் கோபப்படவில்லை, உட்காரச் சொல்லித் தண்ணீர்கூடக் கொடுத்தார்கள். மூன்று வருடம் ஆகிறது.

2006-க்கும் 2011-க்கும் நடுவில் எங்கள் வார்டுக்கு ஒரு கவுன்சிலர் இருந்தார். பெரிய சாதனையாளர் எல்லாம் இல்லை. ஆனால் காலையில் பால் வாங்க வரும்போது பிடித்துக்கொள்ளலாம். ஒரு தீபாவளிக்கு முன்தினம் லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு வாய்க்கால் ஓரத்தில் நின்று அடைப்பு எடுக்கவைத்தார். அடுத்த தேர்தலில் எங்கள் ஓட்டு வேண்டுமே! அந்தத் தேர்தல் வரவே இல்லை. அவரும் காலையில் நடப்பதை வேறு பக்கம் மாற்றிக்கொண்டார்.

மாப்பிள்ளையிடம் இதைச் சொன்னேன். "அப்ப உங்களுக்கும் ஆளுநர்தானா மாமா?" என்று கேட்டார். எங்களுக்குச் சட்டமன்றம் இருக்கிறது, 30 உறுப்பினர், முதல்வர், மேலே துணைநிலை ஆளுநர், 1963-ஆம் வருடச் சட்டம் என்று விளக்கினேன். அவர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "எங்களை விட நீங்கள் பரவாயில்லை, ஆனா கீழ எங்களுக்கு இருக்கு, உங்களுக்கு இல்லை" என்றார். உண்மைதான். அங்கே பிரதேச சபை இருக்கிறது, மாகாண சபை இல்லை. இங்கே சட்டமன்றம் இருக்கிறது, நகராட்சி மன்றம் இல்லை. இரண்டு ஏணியிலும் ஆளுக்கு ஒரு படி காணோம்.

"13-ஆவது திருத்தமே போதாது, அதற்குப் போய்த் தேர்தல் கேட்பதா" என்று பாரிஸ் லா ஷப்பலில் கடை வைத்திருக்கும் என் பழைய மாணவர் ஒருவரின் நண்பர்கள் சொல்வார்களாம். போதாதுதான். போலீஸ் அதிகாரம் 1987 முதல் காகிதத்தில்தான். அதற்காக இருக்கிற ஒரு நாற்காலியையும் காலியாக வைத்திருந்தால் யாருக்கு லாபம்? யாழ்ப்பாணத் தேர்தல் மாவட்டத்துக்கு, அதில் கிளிநொச்சியும் சேர்த்தி, 2010-ல் 9 நாடாளுமன்ற இடங்கள் இருந்தன. 2024-ல் 6. மக்கள் வெளியேற வெளியேறக் கொழும்பில் குரல் குறைந்துகொண்டே போகிறது. ஊரிலேயே பேசும் இடத்தையும் விட்டுவிட்டு எங்கே போய்ப் பேசுவது?

மாப்பிள்ளையும் பொண்ணும் புதன்கிழமை நாகப்பட்டினம் போய்க் கப்பல் ஏறுகிறார்கள். காங்கேசன்துறையில் இறங்கி முதலில் அத்தை வீடு, அப்புறம் முரசுமோட்டை. சம்பந்திக்குக் கொடுக்க உங்கள் சித்தி முறுக்கு சுட்டுக்கொண்டிருக்கிறாள். ஐந்து மாவட்டத்தையும் நிறம் தீட்டிக் கையால் வரைந்த படத்தைக் கீழே முதல் பின்னூட்டத்தில் போட்டிருக்கிறேன். பளை சரியான நிறத்தில் இருக்கிறதா என்று மாப்பிள்ளை பார்த்துவிட்டார். பிழை வேறு ஏதாவது கண்டுபிடித்தால் சொல்லுங்கள். வழக்கம்போல முதலில் சொல்பவருக்கு ஒரு பேனா.